உடுக்கைச் சத்தம் லேப்டாப்புக்குள் போவது எப்படி? அடித்த கைக்கு என்ன கிடைக்கும்?

பேய்ப் பட டிரெய்லர், சாமி வரும் காட்சி, மாஸ் ஹீரோ என்ட்ரி. மூன்றிலும் பின்னணியில் ஒரு உடுக்கைச் சத்தம் கேட்டிருப்பீர்கள். அந்தக் காட்சிக்காக ஒரு கலைஞர் ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்திருப்பார் என்றுதான் நினைப்போம். பல நேரம் அப்படி யாரும் வந்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர், என்றைக்கோ ஒருநாள், ஒரு மைக் முன்னால் தட்டிய அடிகள் ஒரு ஃபோல்டரில் இருக்கும். இசையமைப்பாளர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவார். 'டும்' என்று சத்தம் வரும். அவ்வளவுதான்.

இதைத்தான் 'விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட்' என்கிறார்கள். அதற்காக அடிகளைப் பதிவு செய்யும் வேலைக்குப் பெயர் சாம்பிளிங். கேட்க சிம்பிளா இருக்கும். ஆனால் நம்ம ஊர் தோல் கருவிகளிடம் வந்தால் இரண்டு சிக்கல்கள் கிளம்பும். ஒன்று, அந்த ஒலியை முழுசாகப் பிடிக்க முடியுமா? இன்னொன்று, பிடித்த பிறகு அது யாருடையது?

உதாரணத்துக்கு, உடுக்கை ஒன்றைப் பதிவு செய்ய நீங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே இருக்கும் மீனவக் கிராமம். வட தமிழகத்தில் அம்மன் கோயில் திருவிழா என்றாலே பம்பையும் உடுக்கையும்தான். பையில் ஒரு மைக், ஒரு ரெக்கார்டர், ஹெட்போன். வேறென்ன வேண்டும்?

சாம்பிள் என்றால் என்ன?

மைக் காதில் விழும் காற்றழுத்த மாற்றத்தை, கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதி வைக்கும். சிடி காலத்திலிருந்து வரும் கணக்கு இது. ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஏதோ ஒன்றில் உட்காரும். இதைத்தான் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று சொல்கிறோம்.

இப்படிப் பதிவான ஒரே ஒரு அடியை முன்னும் பின்னும் வெட்டி, பெயர் வைத்து, கீபோர்டின் ஒரு கட்டையோடு இணைத்தால் ஒரு சாம்பிள் ரெடி. கட்டையை அழுத்தினால் அந்த அடி ஒலிக்கும்.

அப்போ ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதிவு போதுமே? போதாது.

ஏன் ஒரு அடி போதாது?

மெதுவாகத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் சத்தத்தின் அளவில் மட்டும் மாறுவதில்லை, ஒலியின் குணமே மாறும். மெல்லத் தட்டிய பதிவை வால்யூம் ஏற்றிக் கேட்டால் ஓங்கித் தட்டியது போல இருக்காது. 'மெல்லத் தட்டியதைச் சத்தமாக வைத்தது' போலத்தான் இருக்கும். அதனால் ஒரே அடியை நாலைந்து வலுவில் பதிவு செய்வார்கள். கீபோர்டை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ, அதற்கேற்ற பதிவை மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, ரிப்பீட். ஒரே பதிவு நொடிக்கு எட்டு முறை திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும். மெஷின் கன் சுடுவது போல 'டட்டட்டட்டட்' என்று கேட்கும். மனிதக் கை ஒரே இடத்தில், ஒரே மாதிரி இரண்டு முறை விழாது. ஆகவே ஒரே அடியை, ஒரே வலுவில், ஐந்தாறு முறை பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள்.

இப்போ கணக்குப் போடுவோம். ஆறு வகை அடி, ஐந்து வலு, ஆறு ரிப்பீட். மொத்தம் 180. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி ஒதுக்கினால் ஆறு நிமிடம். பெரிய விஷயம் இல்லைதானே? இருங்க, உடுக்கைக்கு இன்னொரு கை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நம்ம ஊரில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டா?

உண்டு. மிருதங்கத்துக்கு நடந்திருக்கிறது, சென்னை ஐஐடி பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் பங்களிப்போடு. மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபன் வாசித்த தனித்தனி அடிகளின் தொகுப்பு அது. மொத்தம் 7,162 ஒலிகள். தொம், நம், தின், தீம், பீம் என 10 வகை அடிகள், 6 வெவ்வேறு சுதிகளில். ஒரு சுதியில் ஒரு அடிக்குச் சராசரியாக 119 பதிவுகள்!

இதன் அடிப்படையில் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2013-ல் வெளியானது. தொகுப்பின் நோக்கம் கீபோர்டில் மிருதங்கம் வாசிப்பது இல்லை. ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டு, 'இப்போ விழுந்தது என்ன அடி' என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கான ஆராய்ச்சி. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தோடு சேர்ந்தது இது. ஆனால் முதல் படி விர்ச்சுவல் கருவிக்கும் இதுவேதான். ஒவ்வொரு அடியையும் தனியாகப் பிரி, அதற்கு உரிய பெயரை வை.

கவனிக்க வேண்டிய விஷயம், பயன்படுத்திய சாமான்கள். ஷூர் எஸ்எம்58 மைக், கையில் அடங்கும் ஸூம் எச்4என் ரெக்கார்டர். மேடைக் கச்சேரியில் பாடகர் கையில் சாதாரணமாகப் பார்க்கும் மைக்தான் அது. எதிரொலியைப் பெரும்பாலும் அடக்கிய அறை ஒன்று மட்டும்தான் கூடுதல். கோடிக்கணக்கில் ஸ்டுடியோ வேண்டியதில்லை. பொறுமையும், கருவியைத் தெரிந்த கையும் இருந்தால் போதும்.

மிருதங்கத்துக்கு ஏன் ஆறு சுதி?

சாதாரணத் தோல் கருவிக்குத் தெளிவான ஸ்வரம் கிடையாது. வட்டமான தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். காதுக்கு அது 'டப்' என்று மட்டும் கேட்கும்.

மிருதங்கத்தின் வலது பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கரணை இந்த விதியை மாற்றுகிறது. சி.வி.ராமன் இதை எஸ்.குமாருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு! தோலின் நடுவில் ஏற்றிய எடை, அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். வீணைத் தந்தியில் கேட்கும் அதே ஒழுங்கு.

அதனால்தான் மிருதங்கம் பாடகரின் சுதியோடு சேர வேண்டியிருக்கிறது. ஒரு கட்டைப் பாட்டுக்கு ஒன்றரைக் கட்டை மிருதங்கம் வாசித்தால் உறுத்தும். சாம்பிள் எடுப்பவரும் சுதிக்குச் சுதி தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். ஒன்றைப் பதிவு செய்து மற்றதை மென்பொருளில் ஏற்றி இறக்கினால், ஸ்வரத்தோடு சேர்ந்து மரக்கட்டையின் நாதமும் மாறிவிடும். கருவியே சின்னதாகச் சுருங்கினது போலக் கேட்கும்.

சரி, உடுக்கையில் என்ன கஷ்டம்?

மிருதங்கத்தின் சுதியைக் கச்சேரிக்கு முன்பே சேர்த்துவிடலாம். உடுக்கையின் சுதி வாசிக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய கருவி. இரண்டு முகத்தையும் இணைக்கும் கயிறுகளை ஒரு கை பிடித்திருக்கும், இன்னொரு கை தட்டும். பிடித்த கை அழுத்தினால் தோல் இறுகும், சுதி ஏறும். விட்டால் இறங்கும். உடுக்கை 'அழுவது', 'பேசுவது' எல்லாம் இந்தப் பிடியில்தான் இருக்கிறது. தட்டும் கைக்கு அதில் பாதிப் பங்குதான்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் படிகள் கிடையாது. ஊஞ்சல் மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். சாம்பிள் என்பதோ தனித்தனி அடி. இதைச் சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கயிற்றை ஐந்து நிலையில் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு நிலையிலும் எல்லா அடியையும் பதிவு செய்வது. மேலே போட்ட 180 இப்போது 900 ஆகிவிட்டது. இரண்டு நொடி வீதம் 30 நிமிட ஒலி, ஒரே மைக்கில் சுமார் 160 எம்.பி. ஃபைல் சின்னதுதான். ஆனால் ஒரு மனிதர் 900 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே சத்தமில்லாமல் காத்திருந்து, தட்ட வேண்டும். கை வலி அவருக்கு.

இரண்டாவது, மென்பொருளிலேயே சுதியை வளைப்பது. வேலை குறைவு. ஆனால் தோல் இறுகும்போது வரும் ஒலி மாற்றம் இதில் வராது.

மூன்றாவது, தனி அடிகளை விட்டுவிட்டு முழு நடையாகவே பதிவு செய்து 'லூப்' ஆக விற்பது. கலைஞரின் உயிர் இதில் அதிகம் இருக்கும். ஆனால் வாங்குபவரால் அந்த நடையைப் பெரிதாக மாற்ற முடியாது. அதோடு, இங்கே பதிவாவது ஒரு அடி இல்லை, ஒருவரின் கற்பனை. காசு விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம்.

கடற்காற்று செய்யும் வேலை

கோட்டைக்குப்பம் மாதிரி ஏரிக்கும் கடலுக்கும் அருகில் இருக்கும் ஊரில் இன்னொரு பிரச்சினை, ஈரம். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், தளரும், சுதி இறங்கும். பறை, பம்பை வாசிப்பவர்கள் நெருப்பு மூட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சடங்குக்காக அல்ல, தோலை முறுக்கேற்றத்தான். சூட்டில் ஈரம் போகும், தோல் இறுகும்.

இயற்பியல் கணக்கும் கடுமையானது. சுதியை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் தோலின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். அதனால் காலை பத்து மணிக்குப் பதிவு செய்த அடியும், சாயங்காலம் பதிவு செய்த அடியும் ஒரே கருவியில் வந்தது போலவே இருக்காது. ஏசி ஸ்டுடியோவில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஏசியில் காய்ந்த தோல் கடற்கரையில் வாசித்த ஒலியைத் தராது. எது 'ஒரிஜினல்' என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு வாசிப்பவரிடம் இருந்தால் நல்லது. மைக் வைத்திருப்பவருக்குத் தன் ஹெட்போனில் கேட்பது மட்டும்தான் தெரியும்.

கீபோர்டில் நமக்கு இடம் இருக்கிறதா?

எலெக்ட்ரானிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' மொழி 1983-ல் வந்தது. எந்த எண்ணுக்கு எந்தச் சத்தம் என்று ஒரு பொதுப் பட்டியல் 1991-ல் வந்தது. 'ஜெனரல் மிடி' என்று பெயர். அதில் தாள ஒலிகளுக்கு 47 இடங்கள். காங்கா உண்டு, போங்கோ உண்டு, பிரேசிலின் குயிக்காவும் உண்டு. தபேலா இல்லை. மிருதங்கம் இல்லை. உடுக்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்ற 128 ஒலிகளின் பட்டியலில் சிதார், ஷெனாய், ஜப்பானின் டைக்கோ முரசு எல்லாம் இருக்கின்றன. நம் தோல் கருவி எதுவும் இல்லை.

விளைவு என்ன? ஜெனரல் மிடியைப் பின்பற்றும் எந்த நிறுவனமும் காங்காவை ஒரே கட்டைகளில்தான் வைக்கும். நம் கருவிகளை ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்கு வைப்பார்கள். அடிகளுக்கு நம் சொற்கட்டுப் பெயர்கள் இருந்தாலும், ஃபைலில் வெறும் எண் போட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து அது என்ன அடி என்று யாருக்கும் தெரியாது. மிருதங்கத் தொகுப்பின் அருமை இங்கேதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் அடியின் பெயரும் சுதியும் இருக்கிறது. வாசித்தவர் பெயரும் உலகத்துக்குத் தெரியும். உடுக்கைக்கும் பம்பைக்கும் இதே மரியாதை கிடைக்க வேண்டாமா?

வாசித்தவருக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம். 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் ஒரு பாட்டில், கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் சில நொடிகள் தனியாக வாசித்தார். 'ஆமென் பிரேக்' என்று பெயர் பெற்ற அந்த வாசிப்பை வெட்டி எடுத்து, ஹிப் ஹாப்பிலும் ஜங்கிள் இசையிலும் ஆயிரக்கணக்கான பாடல்களில் பயன்படுத்தினார்கள். கோல்மனுக்கு ராயல்டியாக எதுவும் வரவில்லை. 2006-ல் இறந்துபோனார். 2015-ல் ரசிகர்கள் நன்கொடை திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். வாசித்த கைக்கு அதுகூட இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1957 காப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்றொரு சொல் இருக்கிறது. இசைக்கலைஞர், நடனக்கலைஞர் தொடங்கிப் பாம்பாட்டி வரை அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். சபாவில் வாசித்தாலும் கோயில் வாசலில் வாசித்தாலும் உரிமை ஒன்றுதான். அவரது நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவைப் பிரதி எடுக்கவும் அவர் சம்மதம் வேண்டும். உரிமைக் காலம் 50 ஆண்டுகள். 2012 திருத்தம், வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமையையும், தன் பெயரைச் சொல்லும்படி கோரும் உரிமையையும் சேர்த்தது.

ஆனால் சட்டம் பேசுவது நேரடி 'நிகழ்ச்சி' பற்றி. ஒற்றை 'டும்' பற்றித் தனியாக ஒரு வரியும் கிடையாது. எட்டு மாத்திரை லூப்புக்கு உரிமை கேட்பது எளிது, ஒற்றை அடிக்குக் கேட்பது வாதத்துக்குரியது. அந்த இடைவெளியை நிரப்புவது ஒன்றே ஒன்றுதான்: எழுத்தில் போடும் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்திலும் சட்டம் கலைஞருக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எவ்வளவு காலத்துக்கு என்று போடவில்லையா? ஐந்து ஆண்டுகள் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று போடவில்லையா? இந்தியாவுக்குள் மட்டும். கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாமல், அந்தப் பத்திரம் செல்லாது. ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கப் பழைய பதிவுகளைத் தேடும் இந்தக் காலத்தில் இந்த வரி முக்கியம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சாம்பிள் விற்கும் தளங்களில் 'ராயல்டி ஃப்ரீ' என்று போட்டிருக்கும். வாங்கியவர் ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். வாசித்தவருக்கும் எதுவும் கிடையாது என்று அது சொல்லவில்லை. விற்பனையில் அவருக்குப் பங்கு தர எந்தத் தடையும் இல்லை.

கோட்டைக்குப்பம் ஏற்கெனவே சொல்லும் பதில்

'உடுக்கைச் சத்தம் எல்லாருக்கும் பொதுதானே, அதுக்கு எதுக்குப் பங்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பொதுச் சொத்தை எப்படிப் பகிர்வது என்பதற்கு பழவேற்காடு ஏரியிலேயே ஒரு பழைய முறை இருக்கிறது. 'பாடு' என்று பெயர்.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை போட எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நாளுக்கு நாள் முறை சுழலும். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது. இந்தப் பாட்டு உரிமை உள்ள ஊர்களில் ஒன்று கோட்டைக்குப்பம். ஏரி பொது. ஆனால் இன்றைய பாட்டில் வலை போட்டவரின் மீன் அவருடையது. பொது என்பதற்காக அவர் கூடையிலிருந்து யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

உடுக்கைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். கருவி பொது. அடிகளின் பெயர்கள் பொது. அதை யாரும் வாசிக்கலாம், யாரும் பதிவு செய்யலாம். ஆனால் அந்த 900 அடிகள், அன்றைக்கு உட்கார்ந்து தட்டியவரின் கூடை.

பாடு முறைக்கு ஒரு குறையும் சொல்வார்கள். தலைக்கட்டில் பெயர் இருந்தால்தான் பங்கு, பெயர் இல்லாதவர் கரையிலேயே நிற்க வேண்டும். இதனால் பழவேற்காட்டில் உரசல்களும் வந்திருக்கின்றன. சாம்பிள் உலகத்திலும் அதே விதிதான். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பங்கும் இல்லை.

பதிவு செய்யப் போகிறீர்களா? இதைச் செய்யுங்கள்

• ஒவ்வொரு அடிக்கும் கலைஞர் என்ன பெயர் சொல்கிறாரோ அதையே ஃபைலுக்கு வையுங்கள். ஊர், தேதி, கருவியின் தோல், மரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

• எந்த ஒலி சரி என்பதை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தோல் காய்ச்ச நேரம் கேட்டால் கொடுங்கள்.

• தனி அடியோடு, முழு நடையையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு தொகை பேசுங்கள்.

• ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். காலம், இடம், விற்பனைப் பங்கு, ஏஐ பயன்பாடு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி கலைஞரிடம் கொடுங்கள்.

• தொகுப்பின் முகப்பில் அவர் பெயரைப் போடுங்கள்.

வாசிப்பவரா? இதைக் கேளுங்கள்

'ஒரு நாள் சம்பளமா, விற்பனையில் பங்கா?', 'என் பெயர் எங்கே வரும்?', 'இதை வேறு யாருக்காவது விற்பீர்களா?' இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிறகு உடுக்கையை எடுங்கள்.